ஒரு புள்ளி போதும்

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். முழங்கால் இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தால் நான் நல்ல சுகம். உன் காது எப்படி இருக்கிறது? புது மெஷின் பொருந்துகிறதா, இல்லை பழையது மாதிரி அதுவும் அலமாரியில் தூங்குகிறதா?

வேலை கிடைத்துவிட்டது. இரண்டாம் பிரிவு அணிதான். போன வருஷம் மயிரிழையில் தப்பியவர்கள். எனக்கு முன்னால் இருந்த கோச் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார். இதை விட்டால் எனக்கும் போக்கிடம் இல்லை. ஏற்கெனவே இரண்டு அணிகள் என்னை வெளியே அனுப்பியாயிற்று. "நல்லா ஆடினவனுக்கெல்லாம் நல்லா சொல்லிக் கொடுக்க வராது" என்று ஒரு முதலாளி முகத்துக்கு நேராகவே சொன்னார். இந்த அணியும் என் கையில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டால், அப்புறம் எந்த மைதானத்திலும் என்னைக் கொடி நடக்கூடக் கூப்பிட மாட்டார்கள். பந்தை விட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

அறை காலரிக்கு அடியில். மேலே ஜனம் குதித்தால் என் கட்டிலில் சுண்ணாம்பு உதிரும். ஜன்னலைத் திறந்தால் கார்னர் கொடி. துணைக் கோச் ஒருவன் இருக்கிறான். கழுத்தில் விசில் இல்லாமல் அவனை அவன் பெண்டாட்டியே பார்த்திருக்க மாட்டாள், அதனால் பெயரே விசில். முன்களத்துக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறேன். இருபத்திரண்டு வயசு, உடம்பில் பாதி கால்தான். கொக்கு என்று கூப்பிடுகிறார்கள். நல்ல உயரம். தினமும் சாயங்காலம் அவனைத் தனியாக நிறுத்தி ஹெட்டர் அடிக்க, என்னை மாதிரியே தலையால் கோல் போட, சொல்லிக் கொடுக்கிறேன்.

இங்கேயும் நான் 'சுத்தியல்'தான். டிக்கெட் கிழிக்கிறவர்கூட அந்த ஆட்டத்தைச் சொல்கிறார். ஜெயித்தால்தான் முதல் பிரிவு, டிரா ஆனால் ஒன்றுமில்லை என்று இருந்த கடைசி ஆட்டம். கோலே விழாமல் இழுத்துக்கொண்டு போய், எங்கள் கோச் எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டு, கடைசிக் கார்னரில் நான் தலையால் அடித்தேனே, அது. கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பள்ளிக்கூடம் விட்டு வந்து, வாசல் சுவரோரம் நின்று, கை ஓய்கிற வரைக்கும் எனக்குப் பந்து வீசியவள் என் அக்கா. என் தலையை உருவாக்கியது உன் கை.

மாமா காலமாகி அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. நீ கொடுத்த அவருடைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் பயிற்சிக்குப் போகிறேன். தனியாக இருக்கிறோமே என்று சமைக்காமல் இருந்துவிடாதே.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 30

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், குறை ஒன்றும் இல்லை. மெஷின் அலமாரியில்தான் இருக்கிறது. மாட்டிக்கொண்டால் ஊர்க் கொசு எல்லாம் என் காதுக்குள் கூட்டம் போடுகிறது. நீ போன் செய்யாமல் எழுதினாயே, அதுவே புண்ணியம். என்னிடம் போனில் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்கு. மற்றவர்கள் சொல்லும் முன்னால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆலையில் என்னை இடம் மாற்றிவிட்டார்கள். இத்தனை வருஷம் பாட்டில் நிரப்புகிற மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துக் காதைத் தின்றுவிட்டு, இப்போது சத்தமில்லாத இடமாகக் கொடுத்திருக்கிறார்கள். காலிப் பாட்டில்கள் ஒரு விளக்குக்கு முன்னால் வரிசையாகப் போகும். விரிசல் இருந்தால் எடுத்துப் போட்டுவிட வேண்டும். கண்ணாவது மிஞ்சியதே என்று இருக்கிறேன்.

நீ கோச்சான செய்தியைக் கேட்டால் மாமா எப்படிக் குதித்திருப்பார். உன் ஆட்டமெல்லாம் நான் அவர் கையில்தான் பார்த்தேன். ரேடியோவில் காதை ஒட்டவைத்துக்கொள்வார். வலது கையில் விரல் நீட்டினால் நம் கோல், இடது கையில் நீட்டினால் அவர்கள் கோல். நீ சொல்கிற அந்த ஆட்டத்தில் இரண்டு கையையும் மூடிக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். சட்டென்று வலது கையில் ஒரு விரல் நீண்டது. அப்புறம் அதே விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரேடியோ அதே இடத்தில்தான் இருக்கிறது. விரல் நீட்டத்தான் ஆள் இல்லை.

அதனால் ஆட்டம் முடிந்தால் நீயே எழுதிப் போடு. பேப்பர்க்காரர்களை நான் நம்புவதில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்.

அக்கா

*

அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

ஜெயித்துவிட்டோம்! மழையில், சேற்றில், கொக்கு ஒரு ஹெட்டர் அடித்தான் பார், கோல்கீப்பர் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வலைக்குள் உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தது. டிக்கெட் கிழிக்கிறவர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, தன் தொப்பியை என் தலையில் வைத்துவிட்டார்.

ஒரு கூத்தும் நடந்தது. இடைவேளையில் யோசித்துக்கொண்டே நடந்து எதிரணியின் அறைக்குள் போய்விட்டேன். போனதோடு விட்டேனா, கரும்பலகையில் படம் போட்டு, தடுப்பாட்டக்காரர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று பாடமும் நடத்திவிட்டேன். அவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டே பாடம் கேட்டார்கள். விசில் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எல்லா அறையும் ஒரே மாதிரி சுண்ணாம்பும் வியர்வையுமாக இருந்தால் மனிதன் என்ன செய்வான்?

பையன்களின் பெயர்தான் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது. புது அணி அல்லவா. முதுகில் இருக்கிற நம்பரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். சட்டை மாற்றிவிட்டால் தொலைந்தேன்.

மாமாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? எனக்குச் சொன்ன ஒத்தடத்தை அவருக்கும் கொடு. மழை ஆட்டத்தை ரேடியோவில் கேட்டாரா? என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

உன் தம்பி

*

நவம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? ஆலையில் லீவு கொடுக்காமல் வாட்டுகிறார்களா?

இங்கே ஒரு நல்ல செய்தி. போன வாரம் ஜெயித்துவிட்டோம்! மழையில், சேற்றில், கொக்கு ஒரு ஹெட்டர் அடித்தான் பார், கோல்கீப்பர் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வலைக்குள் உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தது. டிக்கெட் கிழிக்கிறவர் தன் தொப்பியை என் தலையில் வைத்துவிட்டார். உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று உடனே எழுதுகிறேன்.

விசில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறான். நான் பேசும்போது பின்னால் நின்றுகொண்டு பையன்களுக்குக் கையைக் காட்டுகிறான். என் நாற்காலி மேல் அவனுக்குக் கண் என்று நினைக்கிறேன். போகட்டும். ஆறு கடக்கிற வரைக்கும்தானே அண்ணன் தம்பி.

மாமாவுக்கு என் மேல் கோபமா? அவரைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு வரி பதில் இல்லை. போன தடவை வந்தபோது அவரோடு உட்கார்ந்து சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன், அதற்காகவா? ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல். ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். அவர் முகம் கோணினால் எனக்குத் தூக்கம் வராது, அக்கா.

எத்தனை கோச் வந்தாலும் என் முதல் கோச் நீதான். நீ வீசிய பந்தை மறக்க மாட்டேன்.

உன் தம்பி

*

டிசம்பர் 10

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்குத் தப்பாக நினைக்காதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்காருவேன், பேனா ஓடாது, மூடி வைத்துவிடுவேன்.

மாமா நலம். முழங்கால் வலி இப்போது இல்லை. உன் மேல் அவருக்கு எந்தக் கோபமும் கிடையாது, என்றைக்கும் இருந்ததும் இல்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. தலை வலிக்கிறதா? வழி தெரியாமல் எங்காவது நின்றாயா? விசிலைப் பகைத்துக்கொள்ளாதே. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறவன் நாற்காலிக்கு ஆசைப்படுகிறவன் இல்லை.

அக்கா

*

ஜனவரி 4

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மாமா நலம், முழங்கால் வலி இல்லை, கோபமும் இல்லை. விசிலிடம்கூடச் சொன்னேன். மூன்றாம் நாள் பயிற்சிக்குக் கிளம்பும்போது கடிகாரத்தைக் கட்டினேன். கட்டிக்கொண்டே இருக்கும்போது கை நின்றுவிட்டது. இது மாமாவின் கடிகாரம். மாமா நலமாக இருந்தால் அவர் கடிகாரம் என் கையில் என்ன செய்கிறது?

கட்டில் மேல் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வந்தது. பாடைக்கு முன்னால் வலது பக்கம் நான்தான் தோள் கொடுத்தேன். திரும்பி வந்ததும் நீ இந்தக் கடிகாரத்தை என் சட்டைப் பையில் போட்டாய். அப்படியானால் நீ ஏன் பொய் எழுதினாய்? நான்தான் அவரைப் பற்றிக் கேட்டிருப்பேன். நான் என்ன கேட்டேன், எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. அதுதான் பயம்.

கிளப் டாக்டரிடம் போகவில்லை. அவர் காதில் விழுந்தால் முதலாளி காதில் விழுந்த மாதிரி. ஊரின் அந்தக் கோடியில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். மண்டையைப் படம் எடுத்தார். எத்தனை வருஷமாகத் தலையால் பந்தை அடித்தேன் என்று கேட்டார். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து என்றேன். அவர் படத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, "இது திரும்பி வராதுங்க. மெதுவாத்தான் போகும். ஆனா போயிட்டேதான் இருக்கும்" என்றார். மருந்து கேட்டேன். தெரிந்த இடத்தில், தெரிந்த மனிதர்களோடு இருங்கள் என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்களே, நான் தலைப்பாகை கட்டாமல் விளையாடிவிட்டேன்.

யாரிடமும் சொல்லாதே. இந்தப் பருவம் முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுகிறேன். அணியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு நானாகவே விலகுகிறேன். கிறுக்குப் பிடித்து விரட்டினார்கள் என்று இருக்கக் கூடாது. விசிலிடம் மட்டும் சொல்லிவிட்டேன். அவனுக்கு மழைக்காலத்திலிருந்தே தெரியுமாம்.

இன்னொன்று. இனிமேல் எனக்குப் பொய் எழுதாதே. மாமாவைப் பற்றி ஆயிரம் தடவை கேட்டாலும், செத்துப்போய்விட்டார் என்றே எழுது. இதை மட்டும் எனக்கு வாக்குக் கொடு. உன் கடிதத்தையும் நம்ப முடியாது என்றால் நான் வேறு எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

தம்பி

*

ஜனவரி 15

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன்.

வாக்குக் கொடுக்கிறேன். பொய் எழுத மாட்டேன். உன் மனம் நோகக் கூடாது என்று எழுதினேன், அதுவே உன்னைக் குத்திவிட்டது.

விட்டுவிட்டு வந்துவிடு. தெரிந்த இடம், தெரிந்த மனிதர் என்று டாக்டர் சொன்னது என் வீட்டையும் என்னையும்தான். அணி இறங்கினால் இறங்கட்டும். அந்த முதலாளிக்கு வேறு கோச் கிடைப்பான், எனக்கு வேறு தம்பி இல்லை. காது கேட்காதவளும் ஞாபகம் இல்லாதவனும் ஒரு வீட்டில் இருந்தால் சண்டையாவது வராது. நீ திட்டினால் எனக்குக் கேட்காது, நான் திட்டினால் உனக்கு நினைவிருக்காது.

அந்தக் கொக்குப் பையனைத் தினமும் தலையால் அடிக்கச் சொல்கிறாயே, அதை நிறுத்து. இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்போதும் நான் பந்து வீசியதைப் பற்றி ஒரு வரி எழுதுவாய். இந்தத் தடவை எழுதவில்லை. மறந்துபோய் விட்டதல்ல, வேண்டுமென்றே விட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து கையைக் கழுவிவிட்டேன்.

பதில் போடு. நாள் கடத்தாதே.

அக்கா

*

ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நிஜமாகவே இன்று சுகம், அதனால்தான் இன்றே எழுதிவிடுகிறேன். உன்னுடைய மூன்று கடிதங்கள் மேஜை மேல் இருக்கின்றன. மூன்றிலும் வந்துவிடு, வந்துவிடு என்றுதான் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் அக்கா.

கணக்கு இதுதான். அடுத்த சனிக்கிழமை கடைசி ஆட்டம். ஜெயிக்க வேண்டியதில்லை. டிரா செய்தால் ஒரு புள்ளி கிடைக்கும், அந்த ஒரு புள்ளியில் அணி தப்பிவிடும். கோல் போடவே வேண்டாம், வாங்காமல் இருந்தால் சரி. வாழ்நாள் முழுக்கக் கோல் போட ஓடியவனுக்குக் கடைசியில் வாய்த்த வேலையைப் பார்.

மறந்துவிடக் கூடாது என்று 'ஒரு புள்ளி போதும்' என்று அறைக் கதவில் சாக்கட்டியால் எழுதியிருக்கிறேன். கண்ணாடியிலும் எழுதியிருக்கிறேன். ஆட்டத்தன்று உள்ளங்கையில் எழுதிவிடுவதாக விசில் சொல்கிறான். நல்லவன். பையன்களின் பெயரை எனக்குப் பின்னால் நின்று முணுமுணுப்பான், நான் அதை உரக்கச் சொல்வேன். யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

கொக்கு விஷயம் உன்னிடம் மறைக்கக் கூடாது. நீ சொன்னபடி நிறுத்தினேன். பிப்ரவரி முழுக்க நிறுத்தினேன். ஒரு கோல் இல்லை. முதலாளி கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார். மறுநாளிலிருந்து மறுபடியும் அடிக்கச் சொல்லிவிட்டேன். கொக்குவுக்கும் ஒரு அக்கா இருக்கிறாள். வேலை முடிந்ததும் வந்து கம்பி வேலிக்குப் பின்னால் நின்று அவனைப் பார்ப்பாள். ஒரு நாள் அவளிடம் சொல்லிவிடலாம் என்று வேலி வரைக்கும் போனேன். "தம்பி நல்லா ஆடுறானா சார்?" என்று கேட்டாள். நல்லா ஆடறான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தே செய்கிறேன், அக்கா. இதையாவது மறந்துவிடுவேன் என்று நினைக்கும்போது ஆறுதலாக இருக்கிறது. அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாகவும் இருக்கிறது.

சனிக்கிழமை முடிந்ததும் பெட்டியைக் கட்டுகிறேன். பின் அறையை ஒழித்து வை.

உன் தம்பி

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? நான் கல் மாதிரி இருக்கிறேன்.

தோற்றுவிட்டோம். தோற்றாலும் கோழைகள் மாதிரித் தோற்கவில்லை. நமக்கு ஒரு கோல் வேண்டியிருந்தது, அதற்காக மோதிப் பார்த்துத் தோற்றோம். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

ஆட்டம் முடியப்போகிறது, கோல் இல்லை. பையன்கள் எல்லோரும் பின்னால் போய்க் கூட்டமாக நிற்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. கோல் போடாமல் எப்படி முதல் பிரிவுக்குப் போவது? தடுப்பாட்டக்காரன் ஒருவனை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு முன்கள ஆட்டக்காரனை உள்ளே அனுப்பினேன். எல்லோரையும் மேலே ஏறச் சொல்லிக் கத்தினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விசில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "சார், டிரா போதும் சார், கையைப் பாருங்க சார்" என்று கெஞ்சினான். என் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அதில் ஏதோ மை, வியர்வையில் கலைந்து கிடந்தது. டிரா போதுமாம். கோழை.

"நான் கோச்சா, நீ கோச்சா?" என்று கேட்டேன். அப்புறம் பையன்கள் ஏறினார்கள். கார்னர் கிடைத்தது. கொக்கு எகிறி அடித்தான், கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். எழுந்திருடா என்று கத்தினேன். நானே உள்ளே போயிருப்பேன். கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தும்விட்டேன், யாரோ பின்னாலிருந்து இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குள் பந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே நம் ஆள் ஒருவனும் இல்லை.

ஜனம் என்னென்னவோ வீசியது. டிக்கெட் கிழிக்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஏன் என்றே புரியவில்லை. கோல் வேண்டும் என்றால் ஏறித்தானே ஆக வேண்டும்? எங்கள் கோச் அப்படித்தானே செய்தார்? நீ நியாயம் தெரிந்தவள், நீயே சொல்.

மாமா ரேடியோவில் கேட்டிருப்பார். அவருக்குப் புரியும். அவர் என்ன சொன்னார்? முழங்கால் எப்படி இருக்கிறது? நீ வாசலில் நின்று எனக்குப் பந்து வீசியதை இன்று காலையில் இருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். என் தலையை உருவாக்கியது உன் கை.

உன் தம்பி

*

மே 17

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்பு பரவாயில்லை.

பேப்பர் பார்த்தேன். 'சுத்தியலின் பேராசை, அணி மூழ்கியது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். போடட்டும். பேராசை என்றே ஊர் நினைக்கட்டும். நியாயம் சொல் என்று கேட்டாய். அந்த ஆட்டத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

ஆனால் நீ ஒன்று கேட்டிருக்கிறாய், நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான்கு நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தம்பி, மாமா இல்லை. இறந்துவிட்டார். நீதான் வந்து தோள் கொடுத்தாய். உன்னிடம் இருப்பது அவருடைய கடிகாரம். பொய் எழுதாதே என்று நீயே கேட்டுக்கொண்டாய், அதனால் எழுதுகிறேன்.

பந்து வீசியதற்கு எனக்கு இனி நன்றி சொல்லாதே. முன்பெல்லாம் அதைப் படித்தால் பெருமையாக இருக்கும், வெட்கப்பட்டுக்கொண்டு பதில் எழுத மாட்டேன். இப்போது அதைப் படித்தால் என் இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

விசிலுக்குத் தனியாக எழுதினேன், பதிலும் வந்தது. நான் வருகிற வரைக்கும் உன்னை அறையிலேயே தங்கவைக்க முதலாளி ஒப்புக்கொண்டாராம். ஆலையில் லீவு கேட்டிருக்கிறேன். வெளியே தனியாகப் போகாதே.

அக்கா

*

மே 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. மாமா போய்விட்டாரா? எப்போது? எப்படி? முழங்கால் வலி ஒன்றைத் தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லையே. படித்துவிட்டு வாய்விட்டு அழுதேன். விசில் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் அழுதான், அவனுக்கு மாமாவைத் தெரியவே தெரியாது.

எனக்கு ஏன் முன்னாலேயே சொல்லவில்லை? ஒரு தந்தியாவது அடிக்கக் கூடாதா? என்னை அவர் சொந்தத் தம்பி மாதிரிதானே வைத்திருந்தார். கடைசியாகத் தோள் கொடுக்கக்கூட நான் இல்லாமல் போய்விட்டேனே, அக்கா. யாரோ வேற்று மனிதர்கள் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இதை என்னால் ஆயுசுக்கும் மறக்க முடியாது. அவர் கட்டுகிற மாதிரியே ஒரு கடிகாரம் இங்கே மேஜை மேல் கிடக்கிறது, அதைப் பார்க்க முடியாமல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

உடனே கிளம்பி வரவேண்டியவன்தான். ஆனால் சனிக்கிழமை கடைசி ஆட்டம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வர முடியாது. கதவில் எழுதி வைத்திருக்கிறேன்: ஒரு புள்ளி போதும். கோல் வாங்காமல் காத்துவிட்டால் அணி தப்பிவிடும், நானும் தலை நிமிர்ந்து உன் வீட்டுக்கு வருவேன். எனக்காக வேண்டிக்கொள். நீ தைரியமாக இரு. சாப்பிடாமல் கிடக்காதே. இனி உனக்கு நான் இருக்கிறேன்.

உன் தம்பி

*

மே 30

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம்.

நீ அழாதே. யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள். மாமா நலமாக இருக்கிறார். முழங்கால் வலிகூட இப்போது இல்லை. உன்னைப் பற்றித்தான் பேச்சு. பின் அறையை ஒழித்துக் கட்டில் போட்டாயிற்று. ஜன்னல் பக்கமாகப் போட்டிருக்கிறோம்.

வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். இந்தக் கடிதமும் நானும் ஒரே நாளில் வந்து சேர்ந்தாலும் சேருவோம். நான் உன் அக்கா, கொஞ்சம் இளைத்திருக்கிறேன், தலை நரைத்திருக்கிறது, அதனால் அடையாளம் தெரியாவிட்டால் பரவாயில்லை. விசிலிடம் கேட்டுக்கொள்.

நீ சொல்கிற சனிக்கிழமை ஆட்டம் முடிந்துவிட்டது, தம்பி. நீ களைத்துப்போய்த் தூங்கியிருப்பாய். நீ சொன்னபடியே பையன்கள் பின்னால் நின்று காத்தார்கள். ஒருத்தரும் கோல் போடவில்லை. கடைசி விசில் ஊதுகிற வரைக்கும் மாமா ரேடியோவை விட்டு நகரவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் மூடிக் காட்டினார்.

அக்கா